கணவர் கடைச் சாமான், கொழுந்தன் பெயரில் பில், நான் கவுன்சிலர்: என்ன செய்வது?

ஏழாம் வார்டு:

வணக்கம். பல மாதமாக இங்கே படித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதுவது முதல் தடவை. ஊர்ப் பெயர் சொல்லப்போவதில்லை. பதினைந்து வார்டு உள்ள ஒரு பேரூராட்சி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரி தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனதால் நின்றேன், ஜெயித்தேன். அதற்கு முன்னால் பொதுவாழ்க்கை என்று எனக்கு இருந்தது மகளிர் குழுவில் கணக்கு எழுதியதுதான்.

என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பைப் கடை வைத்திருக்கிறார். மாமனார் ஆரம்பித்தது. பிவிசி பைப், ஃபிட்டிங்ஸ், கேட் வால்வு, மோட்டார் சாமான், இப்போது தெருவிளக்குப் பல்பும். இந்த அளவுக்குச் சாமான் உள்ள வேறு கடை பதினோரு கிலோமீட்டர் தள்ளி டவுனில்தான். அதனால் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து பேரூராட்சிக்குச் சாமான் போவது எங்கள் கடையிலிருந்துதான். ராத்திரி பத்து மணிக்கு ஃபிட்டர் வந்து கதவைத் தட்டுவார். "அண்ணி, ரெண்டு இன்ச் எம்டிஏ நாலு, ஒரு சால்வென்ட் டப்பா, எழுதிக்கங்க." எழுதிக்கொள்வோம். மாதக் கடைசியில் பில்.

நான் ஜெயித்ததும் அப்போதிருந்த செயல் அலுவலர் என் கணவரைக் கூப்பிட்டு, "இனிமே உங்க பேர்ல பில் வேண்டாம், தம்பி பேர்ல போடுங்க" என்றார். கொழுந்தனுக்குத் தனி ஜிஎஸ்டி நம்பர் வாங்கினோம். கடையின் இடது பக்கத்தில் அவர் பெயரில் ஒரு போர்டு மாட்டினோம். ஷட்டர் ஒன்று, போர்டு இரண்டு. மூன்று வருடத்துக்கு மேலாக இப்படித்தான் ஓடுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு இது தப்பாகவே தெரியவில்லை. அதிகாரியே சொல்கிறாரே என்றுதான் இருந்தது.

இப்போது வரும் மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா வந்திருக்கிறது. பொருள் எண் 14: குடிநீர்ப் பராமரிப்புச் சாமான்கள் ஒரு வருடத்துக்கு வாங்குவது, மூன்று விலைப்புள்ளி (கொட்டேஷன்) பெறப்பட்டது, குறைந்த விலை கொடுத்த நிறுவனத்தை ஏற்கலாம். அந்த நிறுவனம் கொழுந்தனுடையது. வேறு வேலையாக ஆபீஸுக்குப் போனபோது கோப்பை வாங்கிப் பார்த்தேன். மூன்று கடிதத்திலும் மூன்று லெட்டர்பேடு, மூன்று கையெழுத்து. ஆனால் மூன்றிலும் "கேட் வால்வு" என்று இருக்க வேண்டிய இடத்தில் "கேட் வாழ்வு" என்று டைப் ஆகியிருக்கிறது. மூன்று கடைக்காரர்களும் பேசிவைத்தாற்போல வாழ்வு கொடுத்திருக்கிறார்கள்! அதில் ஒருவர் டவுனில் கடையைப் பூட்டி ஒரு வருடம் ஆகிறது.

எழுத்தரிடம் கேட்டேன். "அக்கா, உங்க வீட்டு வேலையை நீங்களே கிளறலாமா?" என்று சிரித்தார். தலைவி, "விலை கம்மிதானே, ஊருக்கு லாபம்தானே" என்கிறார். உண்மையில் விலை கம்மிதான். என் கணவர் எடையிலும் தரத்திலும் ஏமாற்றுகிற ஆள் கிடையாது. "நான் திருடலையே" என்கிறார் அவர். அதுவும் நிஜம்.

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால் போதுமா? பெயர் கொழுந்தனுடையது என்பதால் எனக்குச் சம்பந்தம் இல்லை என்று ஆகுமா? பதவி போகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டீக்கடை பெஞ்சு:

எங்கள் ஊரில் கவுன்சிலரின் மச்சான் காண்ட்ராக்டர். காண்ட்ராக்டரின் மச்சான் ஓவர்சியர். பொங்கலுக்கு எல்லோரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள், அங்கேயே எம்-புக்கும் (செய்த வேலையை அளந்து பதியும் புத்தகம்) எழுதிவிடுகிறார்கள் என்று பேச்சு. நீங்கள் ஆயிரத்துக்கும் ரெண்டாயிரத்துக்கும் பைப் விற்றுவிட்டுத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். அக்கா, அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.


ஓய்வு பெற்றவன்:

அம்மா, லீவு மட்டும் போட்டுவிடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

நான் பேரூராட்சித் துறையில் 31 வருடம் இருந்தவன். பில் கலெக்டராகச் சேர்ந்து செயல் அலுவலராக ஓய்வு பெற்றேன். நான் வேலை பார்த்த காலத்தில் 1920-ம் வருடத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம். 2023 ஏப்ரல் 13 முதல் 1998-ம் வருடத்து நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மெட்ராஸ் மாகாணக் காலத்திலிருந்தே வரும் விதி ஒன்று உண்டு. ஊரார் எல்லோருக்கும் பொருந்துகிற விஷயமாக இல்லாமல், தனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பண நலன் இருக்கிற பொருளில் ஒரு உறுப்பினர் வாக்களிக்கவும் கூடாது, விவாதத்தில் கலந்துகொள்ளவும் கூடாது. முதல் பாதியை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியை யாரும் கண்டுகொள்வதில்லை. "நான் கையைத் தூக்கலையே" என்பார்கள். ஆனால் அதே நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். எதிரே இருக்கும் பதினாலு பேருக்கும் அந்தச் சத்தம் புரியும்.

லீவு போட்டால் என்ன ஆகும்? வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே காலியிடம். அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. நாளைக்கு யாராவது கிளப்பினால், "தெரிந்தே ஒதுங்கி வழிவிட்டார்" என்றுதான் வரும். கூட்டத்துக்குப் போங்கள். பொருள் 14 வாசிக்கப்பட்டதும் எழுந்து, "இந்த நிறுவனம் என் கணவரின் தம்பியுடையது, அதே கடையில் நடக்கிறது, எனக்கு இதில் பண நலன் உண்டு, அதனால் வெளியேறுகிறேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுங்கள். முந்தின நாளே இதைக் கடிதமாகவும் கொடுத்து, தபால் பதிவில் ஏற்றி நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும், கூட்டத்தில் நடந்ததைப் பதியும் மினிட் புத்தகத்தில் நீங்கள் சொன்னது சொன்னபடி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

அடுத்தது கொழுந்தன் பெயர். 1966-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. தந்தை நகராட்சி உறுப்பினர் பதவிக்கு வருகிறார், மகன் அதே நகராட்சியில் சுங்கநாக்கா எழுத்தர். உறவு என்பது மட்டும் தகுதியிழப்புக்குப் போதாது, பண நலனோ பொருள் நலனோ இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அப்பாடா என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் விஷயத்தில் அது திரும்பி நின்று குத்தும். ஷட்டர் ஒன்று, கரண்ட் மீட்டர் ஒன்று, ஃபிட்டருக்கு எழுதிக்கொடுக்கும் நோட்டு ஒன்று. சாமான் யார் பணத்தில் வாங்கி வைத்தது? பில் பணம் வந்ததும் யார் கணக்குக்குப் போகிறது? இதையெல்லாம் கேட்டால் போர்டு தானாகவே கீழே விழுந்துவிடும்.

பதவி போகுமா என்று கேட்டீர்கள். தான் இருக்கும் அமைப்போடு நடக்கும் ஒப்பந்தத்தில் பங்கு வைத்துக்கொண்டால் தகுதியிழப்பு என்பது உள்ளாட்சிச் சட்டங்களில் பழைய சங்கதி. 2025 மார்ச்சில் சென்னையிலும் தாம்பரத்திலும் கவுன்சிலர்கள் சிலரை அரசு பதவிநீக்கம் செய்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேல் கிரிமினல் சட்டமும் இருக்கிறது. கவுன்சிலர் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியர்தான் என்று ராஜஸ்தானின் பன்ஸ்வாரா நகராட்சி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொது ஊழியர் தனக்குத் தடை உள்ள வியாபாரத்தில் ஈடுபட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 202, தடை உள்ள சொத்தை ஏலம் கேட்டால் 203. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 168, 169. இந்த 203-ஐப் படித்துப் பாருங்கள். தன் பெயரிலோ, இன்னொருவர் பெயரிலோ, கூட்டாகவோ, பங்காகவோ என்று போட்டிருக்கும். பினாமி என்ற நம் ஊர் வித்தையை 1860-லேயே வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டான்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்களைக் குடையாகப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அந்த மூன்று "வாழ்வு" கடிதமும் ஒரே கம்ப்யூட்டரில் அடித்தது. அதை அடித்தவரும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவரும் நாளைக்கு மாட்டினால், "கவுன்சிலரம்மா வீட்டு வேலை சார்" என்று ஒரே வரியில் கழன்றுகொள்வார்கள்.

ஊழியர் பக்கத்துக் கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன், என் சொந்தக் கதை. 1996 என்று ஞாபகம். பேருந்து நிலையக் கடைகள் ஏலம். நான் ஏலப் பதிவேடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சின்னக் கடைக்கு என் மைத்துனனும் கேட்கிறான். அவனுக்காக நான் ஒரு துரும்பும் அசைக்கவில்லை, முன்கூட்டி எதுவும் சொல்லவும் இல்லை. பூ விற்கிற அம்மா ஒருத்தி போட்டிக்கு ஏலம் கேட்டுக்கொண்டே வந்தாள். மாத வாடகை 1,150 வரை வந்தாள். அதற்கு மேல் இன்னும் போவாள் என்று முகத்தில் தெரிந்தது. அப்போது யாரோ அவள் காதில் ஏதோ சொன்னார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள், மைத்துனனைப் பார்த்தாள். முந்தானையில் அவிழ்த்து வைத்திருந்த காசை மறுபடி முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டாள். 1,200-க்கு அவனுக்கு விழுந்தது. பதிவேட்டில் ஒரு தப்பும் கிடையாது. தணிக்கையில் ஒரு வரி எழுதவில்லை. இருபது வருடம் அந்த அம்மா அந்தக் கடைக்கு வெளியே பிளாட்பாரத்தில்தான் பூ விற்றாள்.

முந்தின நாள் செயல் அலுவலரிடம் "நாளை ஏலத்தில் என் உறவினர் கலந்துகொள்கிறார், வேறு ஆளை உட்கார வையுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். பக்கத்து நாற்காலியில்தான் இன்னொரு எழுத்தர் சும்மா இருந்தார். அதற்குப் பிறகு சொந்தக்காரர் கோப்பு என்று எது வந்தாலும், வீட்டு வரி பெயர் மாற்றமானாலும் சரி, குழாய் இணைப்பானாலும் சரி, குறிப்பு எழுதி மேலே தள்ளிவிடுவேன். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் 4(3) இதைத்தான் சொல்கிறது: குடும்பத்தாருக்குத் தொடர்புள்ள நிறுவனத்தின் ஒப்பந்தக் கோப்பை நீயே பார்க்காதே, மேலதிகாரிக்கு அனுப்பு. ஆபீஸில் என்னைக் கிண்டல் செய்வார்கள், "சார் சொந்தமே இல்லாத ஆளு" என்று.


பைப்கடை பையன்:

ஐயா சொல்வதெல்லாம் சரி, ஆனால் நானும் ஹார்டுவேர் கடைக்காரன் மகன், அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். ஊரில் ஒரே கடை. வீட்டுக்காரி தேர்தலில் நின்றதற்காக மூணு தலைமுறை வியாபாரத்தைப் பூட்ட முடியுமா? ராத்திரி மெயின் லைன் உடைந்தால் ஃபிட்டர் பதினோரு கிலோமீட்டர் போய் டவுன் கடைக்காரனை எழுப்புவாரா? ரெண்டு நாள் தண்ணீர் வராது. அப்போது இதே ஜனங்கள் காலிக்குடத்தோடு அக்கா வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். இன்னொன்று, பேரூராட்சியில் பில் பாஸ் ஆக ஆறு மாதம் எட்டு மாதம் ஆகும். அத்தனை நாள் கடன் தாங்குகிற கடை எது? உள்ளூர்க்காரன் தாங்குவதால்தான் வண்டியே ஓடுகிறது.


ஓய்வு பெற்றவன்:

தம்பி, நியாயமான கேள்வி. கடையைப் பூட்டச் சொல்லவில்லை, பேரூராட்சிக்கு விற்பதை மட்டும் பதவி முடியும் வரை நிறுத்தச் சொல்கிறேன். நஷ்டம்தான். நாற்காலியின் விலை அது, நிற்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருக்க வேண்டிய செயல் அலுவலர் போர்டு மாட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ராத்திரிப் பிரச்சினைக்கு வருவோம். ஃபிட்டர் ஏன் பத்து மணிக்குக் கடைக்கு வருகிறார்? ஆபீஸ் ஸ்டோர் ரூமில் ஒன்றும் இல்லை. உடைந்த நாற்காலியும் பழைய தேர்தல் பெட்டியும்தான் இருக்கும். அளவு வாரியாக இரண்டு மாதத்துக்கு வேண்டிய ஃபிட்டிங்ஸை முறைப்படி விலைப்புள்ளியோ டெண்டரோ வைத்து மொத்தமாக வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, சாவியை ஃபிட்டரிடம் கொடுத்தால் கடைக்கதவைத் தட்ட வேண்டிய வேலையே வராது. நான் கடைசியாக இருந்த ஊரில் இதைச் செய்தேன். ஆரம்பத்தில் ஃபிட்டருக்கே பிடிக்கவில்லை. கடையில் வாங்கினால் ஒரு டீ கிடைக்கும், பதிவேட்டில் எழுதினால் என்ன கிடைக்கும்?


தணிக்கைக்காரன்:

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் சில காலம் வேலை பார்த்தவன். பெரியவர் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

எழுத்துப்பிழை நாங்கள் தேடுவதில் ஒன்று. சிரிக்காதீர்கள். போலி விலைப்புள்ளி அடிக்கிறவர் ஒரே ஃபைலைத் திறந்து பெயரையும் விலையையும் மட்டும் மாற்றுவார். பிழை மூன்றிலும் அப்படியே வரும். சில இடத்தில் கடிதத் தேதியையும் மாற்ற மறந்திருப்பார்கள். இன்னொரு வழி யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே செய்யலாம். ஜிஎஸ்டி தளத்தில் ஒரு ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் நிறுவனம் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, எந்தத் தேதியில் ரத்தானது, வியாபார முகவரி என்ன என்று வரும். பூட்டிய டவுன் கடையின் பதிவு ரத்தான தேதிக்குப் பிறகு விலைப்புள்ளி தேதி இருந்தால் மொத்தக் கோப்பும் போச்சு. சகோதரி, உங்கள் கொழுந்தனின் பதிவில் வரும் கதவு எண் உங்கள் கணவருடைய பதிவிலும் அதேதான் இருக்கும், இல்லையா? அதுவும் அந்தத் தளத்திலேயே தெரியும்.

இதெல்லாம் தணிக்கைத் தடையாக, அதாவது ஆட்சேபணையாக, எழுதப்பட்டு, சரியான பதில் வராவிட்டால், கையெழுத்துப் போட்டவர்கள் மேல் தண்டத்தீர்வை (நஷ்டத்தை அவர்களிடமே வசூலிப்பது) வரை போகலாம். விலை கம்மி என்பது அங்கே பதில் ஆகாது. உண்மையான போட்டியே நடக்காதபோது எதோடு ஒப்பிட்டுக் கம்மி என்பீர்கள்? வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் என்று தமிழ்நாட்டில் 1998-லேயே கொண்டுவந்ததன் காரணம் இதுதான். வருடம் முழுக்க வாங்கப்போகிற சாமானைத் துண்டு துண்டாக உடைத்து, டெண்டர் வைக்காமல் வாங்கும் விலைப்புள்ளி வரம்புக்குள் அடக்குவது இன்னொரு பழைய வியாதி. உங்கள் கோப்பில் அதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பைப்கடைத் தம்பிக்கு: மகாராஷ்டிரத்தின் நகராட்சிச் சட்டங்களில், உறுப்பினர் தான் வழக்கமாக விற்கும் பொருளை எப்போதாவது, வருடத்துக்கு இவ்வளவு என்ற ஒரு சின்ன வரம்புக்குள் நகராட்சிக்கு விற்றால் தகுதியிழப்பு இல்லை என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். சிறிய ஊரின் கஷ்டம் சட்டம் போட்டவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அது "எப்போதாவது". வருடாந்திர சப்ளைக்கு அல்ல.


முன்னாள் துணைத்தலைவர்:

நான் பேரூராட்சி இல்லை, கிராம ஊராட்சி. 2019 டிசம்பரில் வார்டு உறுப்பினராக ஜெயித்து துணைத்தலைவர் ஆனேன். 2025 ஜனவரி 5-ம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் வந்தார். ஊராட்சிகள் சட்டத்தின் 188-வது பிரிவின்படி காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்திருக்கட்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

எங்கள் தலைவரின் மகனிடம் ஜேசிபி இருந்தது. ஓடை தூர்வாருவது, குப்பை அள்ளுவது, பள்ளம் மூடுவது எதற்கும் அதுதான் வரும். மணிக்கணக்கு அவர்கள் சொல்வதுதான். ஒரு தடவை பன்னிரண்டு மணி நேரம் என்று பில் வந்தது. அந்த ஜேசிபி அன்று மதியமே பக்கத்து ஊரில் ஒரு கிணற்று வேலைக்குப் போய்விட்டதை நானே பார்த்தேன். கையெழுத்துப் போடவில்லை. ஆனால் ஏன் போடவில்லை என்று எழுதிக் கொடுக்கவும் இல்லை. வாயால் சொன்னேன், கோபத்தில். நான் செய்த முட்டாள்தனம் அது. சில மாதம் கழித்து "துணைத்தலைவர் நிர்வாகத்துக்கு ஒத்துழைக்கவில்லை, தூய்மைப் பணியாளர்களுக்குச் சம்பளம் போட முடியவில்லை" என்று மனு போய், அதே ஊராட்சிகள் சட்டத்தின் 203-வது பிரிவைக் காட்டி என் கையெழுத்து அதிகாரத்தை ஏன் மாற்றக்கூடாது என்று நோட்டீஸ் வந்தது. ஊருக்குள் நான்தான் கமிஷன் கேட்டு மடக்கினவன் என்று பேச்சு. ஜேசிபி பற்றி என்னிடம் ஒரு காகிதம் இல்லை.

அதனால் அக்கா, அந்தப் பெரியவர் சொல்லும் தபால் பதிவு நம்பரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிராம ஊராட்சிக்காரர்கள் யாராவது படித்தால் உங்களுக்கு ஒன்று: இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் நிதிக்குழு மானியச் செலவு வவுச்சர் வவுச்சராக இருக்கும். பணம் யாருக்குப் போனது என்ற பெயரோடு. கிராமசபை இப்போது வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முந்தின நாள் அந்தப் பட்டியலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய், "இந்தப் பெயர் யாருங்க?" என்று மட்டும் கேளுங்கள். நான் பதவியில் இருந்த வரை எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஃபோட்டோ எடுத்ததும் கலைந்துவிடுவார்கள்.


டீக்கடை பெஞ்சு:

லீவு போடச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்தப் பூக்கார அம்மா கதைக்கு அப்புறம் கிண்டல் வரவில்லை.


ஏழாம் வார்டு:

எல்லோருக்கும் நன்றி. பதில் போடத் தாமதமாகிவிட்டது, நேற்று முன்தினம்தான் கூட்டம் முடிந்தது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் வீட்டில் சொன்னேன். என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மாமனார் காலத்து நோட்டுகளை எடுத்து வந்து மேஜையில் போட்டார். பேரூராட்சிக்கு எழுதின நோட்டு மட்டும் ஏழு. "இதுல ஒரு வாஷர் கூடுதலா எழுதியிருக்கேனா பாரு" என்றார். பார்க்கத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அவர் மனசுக்காக ஒரு நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் என் கையெழுத்தில் ஃபிட்டருக்கு எழுதின வரி இருந்தது. தேதி பார்த்தேன். நான் பதவி ஏற்று ஒரு மாதம் ஆன பிறகு. அதை அவரிடம் காட்டினேன். அதற்கப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை. ஜிஎஸ்டி தளத்தில் கதவு எண்ணையும் பார்த்தேன். தணிக்கை அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. டவுன் கடையின் பதிவு ரத்தாகி எட்டு மாதம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கடிதம் கொடுத்தேன். எழுத்தர் வாங்க மறுத்தார், "இதெல்லாம் எதுக்கு அக்கா, வாயால சொன்னா போதும்" என்று. நான் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து நம்பர் போட்டுக் கொடுத்தார்.

பொருள் 14 வந்தது. எழுந்து சொன்னேன். குரல் நடுங்கியது, பரவாயில்லை. கடிதத்தில் இருந்ததோடு, மூன்று விலைப்புள்ளியையும் கவனமாகப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டேன். பேசக் கூடாது என்று ஐயா சொன்னது வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வராந்தாவில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை, ஃபேன் சத்தம்தான் கேட்டது. பதினோரு நிமிடம். டீ கொண்டு வந்த பையன், "என்னக்கா, வெளிய அனுப்பிட்டாங்களா?" என்றான்.

பொருளை ஒத்திவைத்துவிட்டார்கள். மூன்றாம் வார்டு உறுப்பினர்தான் விலைப்புள்ளிகளை வாங்கி வாசித்துக் காட்டினாராம். "வாழ்வு" என்றதும் இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். செயல் அலுவலர், மறு விலைப்புள்ளி கோரப்படும் என்றாராம்.

ஓய்வு பெற்ற ஐயா, உங்களுக்குத்தான் இந்த வரி. கூட்டம் முடிந்து மினிட் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். "7-வது வார்டு உறுப்பினர் சொந்த அலுவல் காரணமாக வெளியேறினார்" என்று எழுதியிருந்தது! கடித நம்பரைக் காட்டி, நான் சொன்னதை எழுதுங்கள் என்றேன். தலைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அடித்துவிட்டு மேலே எழுதினார்கள், அடித்த இடத்தில் தலைவியும் செயல் அலுவலரும் சுருக்கொப்பம் போட்டார்கள். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன்.

கொழுந்தன் போர்டை நேற்றுக் காலை இறக்கினோம். பழைய பில் பாக்கி 38,400 ரூபாய் நிற்கிறது. அதைக் கேட்டு வாங்குவதா, எழுதித் தள்ளிவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேற்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம். ஃபிட்டர். "அண்ணி, மூணு இன்ச் கப்ளிங் ஒண்ணு." என் கணவர் எழுந்து போய், பேரூராட்சிக்கு இனிமேல் இங்கே கிடையாது என்று சொன்னார். ஃபிட்டர் கொஞ்ச நேரம் நின்றார். "அப்ப டவுனுக்குத்தான் போகணும், காலையிலதான் திறப்பான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். எந்தத் தெருவில் உடைந்தது என்று கேட்டேன். எங்கள் தெருதான். இன்று காலை பத்து மணி வரை தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டு அக்கா இரண்டு குடத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.